கிராணி கதைக்குச் சிரிக்காத அக்கா

பதினொரு வருஷமாக என் அக்கா தாயம்மாமேல் எனக்கு ஒரு மனத்தாங்கல். நான் கிராணி கதை சொன்னால் தோட்டமே சிரிக்கும். அவள் மட்டும் பாதியில் எழுந்து வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள்.

கதை பெரிசு ஒன்றுமில்லை. தோட்டத்தில் கணக்கு எழுதுகிற கிராணி ஒருத்தர் மத்தியான வெயிலில் என் லோரியிலேயே, செம்பனைக் குலைகளின்மேல் ஓலையைப் போர்த்திப் படுத்துத் தூங்கிவிட்டார். நான் கவனிக்காமல் மில்லுக்கு ஓட்டிப்போனேன். அங்கே தரம் பார்க்கிறவன் ஓலையை விலக்காமலே அவர் தொப்பையை அழுத்திப் பார்த்துவிட்டு, “இது அழுகல், கழிச்சிடு” என்றான். கிராணி கண்ணைத் திறக்காமலே சொன்னார்: “நேத்துதான்லா வெட்டுனது, எப்படி அழுகும்?”

இதற்குச் சிரிக்காதவள் மனுஷியா?

அக்கா லேசுப்பட்டவள் இல்லை. மலேசியாவில், பகாவ் டவுனுக்கு உள்ளே தள்ளியிருக்கும் எங்கள் தோட்டத்தில் முப்பது வருஷம் உதிரிப்பழம் பொறுக்கி, மூட்டை தூக்கியவள். ஒருநாள் காலடியில் நாகம் வந்தது. அதை வாளியால் மூடி, வாளிமேலேயே உட்கார்ந்து சோற்றைத் தின்று முடித்த பிறகுதான் ஆளைக் கூப்பிட்டாள். அப்பேர்ப்பட்டவள் மூணு வருஷமாகப் பால்குடம் எடுக்கவில்லை. கடைசி மகள் புனிதா குறைமாதத்தில் பிறந்தபோது, பிழைத்தால் ஏழு தடவை எடுப்பதாக மாரியம்மனுக்கு வேண்டியிருந்தாள். ஆறு முடிந்துவிட்டது. ஏழாவதுதான் நிற்கிறது. கேட்டால் முட்டிவலி என்பாள். அந்த முட்டியோடுதான் தினமும் பழம் பொறுக்கினாள்.

இந்த வருஷம் விஷயம் வெளியே வந்ததற்குக் காரணம் எங்கள் கோயில் பூசாரி முனியாண்டி. அக்கா வீட்டுக்குத் திருவிழா நோட்டீஸ் கொடுக்கப் போனவன் மூச்சிரைக்க என் வீட்டுக்கு ஓடிவந்தான்.

“நல்லசாமிண்ணே, அக்காவுக்குச் சாமி வந்திருச்சு. படுத்துக்கிட்டே வந்திருக்கு.”

எலுமிச்சம்பழமும் திருநீறுமாக ஓடினோம். அக்கா பாயில் மல்லாந்து கிடந்தாள். முட்டியை மடக்கி, இடுப்பை மட்டும் மேலே தூக்கி, கண்ணை மூடி, உஸ்ஸென்று மூச்சு விட்டுக்கொண்டிருந்தாள்.

முனியாண்டி கைகூப்பினான். “எந்த ஆத்தா வந்திருக்கே? சொல்லு தாயி.”

“பத்து எண்ணுற வரைக்கும் பேசாத.”

“பத்தா? இந்த வருஷம் திருவிழாவ பத்து நாள் கேக்குறாண்ணே” என்று சொல்லிக்கொண்டே அவள் நெற்றியில் ஒரு பிடி திருநீற்றை அப்பினான். அக்கா தும்மினாள். தும்மிய வேகத்தில் இடுப்பு பாயில் விழுந்தது. ஒரு நிமிஷம் அசையாமல் கிடந்தாள். பிறகு, “தப்பிச்சேன்” என்றாள். அடுத்து, தலையணை முனியாண்டி மூஞ்சியில் விழுந்தது. அவன் போய்விட்டான். பழத்தையும் விட்டுவிட்டுப் போய்விட்டான்.

“டேய், நாலு புள்ள பெத்து மூட்ட தூக்குன இடுப்புடா இது” என்றாள் என்னிடம். “முன்ன சிரிச்சா மட்டுந்தான். மூணு வருஷமா தும்முனா, இருமுனாகூட கசியுது. உன் கிராணி கதைய கேட்டா வெள்ளந்தான். அந்த ஈரத்தோட ஆத்தாவுக்கு எப்படிப் பால் எடுக்குறது?”

பதினொரு வருஷத்து மனத்தாங்கலை எங்கே வைப்பதென்று தெரியாமல் நான் பாயோரத்தில் உட்கார்ந்தேன்.

பகாவ் கிளினிக்கில் நர்ஸ் மிஸ்ஸி ஒருத்தி அடிவயிற்றுக்குக் கீழே தாங்கிப் பிடிக்கிற தசை தளர்ந்துவிட்டது என்று சொல்லி, யோகா படம் போட்ட காகிதம் கொடுத்திருக்கிறாள். மூச்சை விடும்போது ஒன்றுக்கை அடக்குவதுபோல உள்ளே இழுத்துப் பிடிக்க வேண்டும். மூச்சை இழுக்கும்போது தளர விட வேண்டும். அதையே இடுப்பைத் தூக்கிக்கொண்டும், பாதங்களைச் சேர்த்து உட்கார்ந்துகொண்டும் செய்ய வேண்டும். அக்கா ரகசியமாக ஒரு மாதம் செய்திருந்தாள். அன்றிலிருந்து எண்ணுகிற வேலை எனக்கு. ஜன்னலுக்கு வெளியே முதுகைத் திருப்பி உட்கார்ந்து எண்ணினேன். குலை எண்ணிய பழக்கம், வேகமாக வந்தது.

“மெதுவாலா. இது லோரில ஏத்துற பழமில்ல” என்பாள்.

இரண்டு மாதம் எண்ணினேன். திருவிழாவுக்கு மூணு நாள் இருக்கையில் அக்கா குடத்தில் தண்ணீர் நிரப்பித் தலையில் வைத்து வாசலில் நின்றாள். “சொல்லுடா கிராணி கதைய. இதுல தாங்குனாத்தான் எடுப்பேன்.”

சொன்னேன். இவ்வளவு பயந்து நான் எந்தக் கதையும் சொன்னதில்லை. “எப்படி அழுகும்” என்ற இடத்தில் அக்கா சிரித்தாள். பதினொரு வருஷச் சிரிப்பு. குடம் ஆடியது. அவள் காலடியில் தண்ணீர் ஓடியது. நான் குனிந்து பார்த்தேன்.

“அக்கா, இது…”

“மேல இருந்து வந்ததுடா” என்றாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு. “கீழ கதவு பூட்டியிருக்கு.”

திருவிழா அன்று மஞ்சள் சேலை கட்டி ஏழாவது குடத்தை எடுத்தாள். உறுமி மேளம் முன்னால் போனது. கூடவே வேப்பிலையோடு நான் நடந்தேன். கோயில் வளைவு தெரிந்தது. முனியாண்டி கை நிறைய திருநீற்றோடு, ரொம்பப் பயபக்தியாக, எங்களை எதிர்கொண்டு வந்தான். சிரிப்பை அடக்கி அக்காவின் உதடு துடித்தது.

“டேய்” என்றாள் தலையை அசைக்காமல். “அவன என் கண்ணு முன்னாலருந்து கூட்டிட்டுப் போ. கீழ பயமில்ல. மேல பால் சிந்திரும்.”