முடி வெட்டக் கூடாத வாடிக்கையாளர்

கியூபாவில், ஹவானாவுக்கு வளைகுடாவின் அக்கரையில், ரெக்லா படகுத்துறையிலிருந்து ஏறும் தெருவில் மிக்தாலியாவின் முடிதிருத்தகம் இருந்தது. கணவன் இறந்ததும் அவனுடைய கத்தரிக்கோலை அவளே கையில் எடுத்துக்கொண்டாள். கறாரான பெண். வீட்டில் ஒரு பூந்தொட்டிகூட வைத்துக்கொண்டதில்லை. "தண்ணி ஊத்த மறந்தா செத்துப்போற எதுவும் எனக்கு வேண்டாம்" என்பாள்.

அவளுடைய தங்கை ஸெனாய்தா, மகளோடு மயாமிக்குக் கிளம்பியபோது தன் நாயை அக்காவின் மடியில் விட்டாள். ஹவானாவுக்கே உரிய குட்டை இனம். பட்டு நூல் போல நீண்ட முடி. கரும்புச்சாற்றின் நிறம் என்பதால் குவாராப்போ என்று அந்தச் சாற்றின் பேரையே வைத்திருந்தார்கள்.

"தனியா மட்டும் விட்டுடாதேக்கா. ஏங்கிப்போயிடும்."

"நாயைக் குடுக்குறியா, மாப்பிள்ளையைக் குடுக்குறியா?"

மறுநாள் அதை வீட்டில் பூட்டிவிட்டுக் கடைக்குப் போனாள். திரும்பி வந்தால், செய்தித்தாள்கள் எல்லாம் துருவிய தேங்காயாகக் கிடந்தன. நடுவே அவள் செருப்பின் மேல் தலைவைத்து அது படுத்திருந்தது. அதற்குப் பிறகு கடைக்கும் தூக்கிக்கொண்டே போனாள்.

ஆகஸ்ட் வெயில். மின்சாரம் போய் விசிறி நின்றுவிட, நாய் நாக்கைத் தொங்கப்போட்டு மூச்சிரைத்தது. பார்க்கப் பொறுக்காமல் முடி முழுவதையும் ஒட்ட வெட்டிவிட்டாள்.

சவரத்துக்கு வந்த எவெலியோ, துறைமுகத்தில் மூட்டை தூக்கி ஓய்ந்தவர், வாசலிலேயே நின்றுவிட்டார். "அடிப்பாவி! அந்த முடிதானே அதுக்குக் குடை!"

"உங்க மண்டையில ஒரு முடி இல்ல. நீங்க கருகிட்டீங்களா?"

"அதுக்குத்தான் தொப்பி போட்டிருக்கேன்!"

அவர் சொன்னதுதான் நடந்தது. மறுநாள் படகுத்துறை வரை நடந்து வந்ததற்கே நாயின் முதுகு சிவந்து வெந்துபோயிற்று. நாற்காலிக்கு அடியில் போய் ஒடுங்கியது. சோற்றை முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. மிக்தாலியா கடையைச் சாத்திவிட்டு, தரையில் உட்கார்ந்து, ஈரத்துணியை மாற்றி மாற்றிப் போட்டாள். வெட்டியதை ஒட்டவைக்க எந்தக் கைக்கும் தெரியாது என்று அன்றைக்கு அவளுக்கு உறைத்தது.

முடி தன் போக்கில் மெதுவாக வளர்ந்தது. கூடவே தினமும் சீவுவதும் பழக்கமாயிற்று. சீவாவிட்டால் சிக்கு விழும். கண்ணோரக் கசிவைத் துடைப்பாள், காது மடலைத் தூக்கி ஈரம் போக ஒற்றுவாள், பிறகு சீப்பு. வளைகுடாவின் வெளிச்சம் கூரையில் அலையடிக்கும். படகின் ஊதல் எங்கோ தண்ணீருக்கு அடியிலிருந்து வருவது போலக் கேட்கும். சீப்பு போய்ப் போய் வர, அவள் கண் பாதி மூடிக்கொள்ளும். தன் தலையையே யாரோ வாரிவிடுவது போலிருக்கும். காத்திருக்கும் ஆட்கள் குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள். எவ்வளவு நேரம் போயிற்று என்று யாருக்கும் தெரியாது.

ஸெனாய்தா ஊருக்கு வந்தபோது கையில் ஒரு கூண்டும் இருந்தது. "இதுக்கும் டிக்கெட் போட்டுட்டேன்கா."

குவாராப்போ துள்ளித் துள்ளி அவள் முகமெல்லாம் நக்கியது. மிக்தாலியா சீப்பைத் துணியில் சுற்றித் தங்கையின் பையில் வைத்தாள்.

கிளம்பும் நாள் காலை. ஸெனாய்தா குளிக்கப் போனால் நாய் பின்னாலேயே போயிற்று. மிக்தாலியா அடுப்படிக்கு நகர்ந்தால் இங்கே ஓடி வந்தது. அங்கும் இங்கும் ஓடி ஓடி, கடைசியில் நடைவழியில் தொப்பென்று விழுந்தது. ஸெனாய்தா ஈரத்தலையோடு அதன் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அங்க நானும் மகளும் விடியறதுக்கு முன்னாடியே வேலைக்குப் போயிடுவோம்கா. பகல் பூரா வீடு பூட்டித்தான் கிடக்கும். உங்கிட்ட சொல்லல."

"ஏன்டி சொல்லல?"

"சொன்னா நீ குடுக்கமாட்டே."

மிக்தாலியா தங்கையின் கோப்பையில் காப்பியை ஊற்றினாள். பிறகு பையிலிருந்த சீப்பை எடுத்து அவள் கையில் கொடுத்து, "கொஞ்ச நேரம் சீவு" என்றாள்.

தங்கை காலிக் கூண்டோடு படகேறினாள். குவாராப்போ கடை வாசலில் முனகியபடியே இருந்தது. வெயில் சாய்ந்த பிறகு எவெலியோவின் மடியில் ஏறிச் சுருண்டு, அப்படியே தூங்கிப்போயிற்று. அதை எழுப்பாமல், மிக்தாலியா அவர் கன்னத்தில் சோப்பு நுரையைத் தடவ ஆரம்பித்தாள்.