பீளமேட்டு ஜப்பான், பல்லடத்து பிரான்ஸ்

கைப்பிடியை ஆள்காட்டி விரலால் ஒரு சுண்டு சுண்டிவிட்டு விரலை எடுத்துவிடுவார் கோவிந்தராஜுலு. தூண்டில் ரீல் தானாகச் சுழலும். அவர் கண்ணை மூடிக்கொண்டு காதைச் சாய்ப்பார். அது ஓயும்வரை வீட்டில் யாரும் பேசக் கூடாது, மிக்ஸி ஓடக் கூடாது, தெருவில் கீரைக்காரம்மா கூவினாலும் முகம் சுளிப்பார். ஓய்ந்ததும் கண்ணைத் திறந்து, "தண்ணியாட்டம் ஓடுது" என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வார். ஞாயிற்றுக்கிழமை காலையில் அவருக்குக் காப்பியே இதற்குப் பிறகுதான்.

பீளமேட்டில் நூற்பாலைகளுக்கு உதிரி பாகம் விற்கும் கடை அவருடையது. நாள் முழுக்க பேரிங்கும் ஸ்பிண்டிலுமாகப் பார்த்துப் பார்த்து, சுழல்கிற எதைக் கண்டாலும் சுண்டிப் பார்க்காவிட்டால் விரல் ஊறும். சீலிங் பேன், கிரைண்டர், பிள்ளைகளின் சைக்கிள் பெடல் எதையும் விட்டதில்லை. மூத்த மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கப் போன இடத்தில், வாசலில் நின்ற ஸ்கூட்டரின் பின்சக்கரத்தையும் சுற்றிப் பார்த்தாராம். "சக்கரம் நல்லா சுத்துச்சுங்க. அதான் பொண்ணைக் குடுத்துப்போட்டாரு" என்று அவர் மனைவி பத்மாவதி வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார்.

கோவிந்தராஜுலுவுக்கு ஒடிசலான உடம்பு. நெற்றியில் சிவப்பாக ஒற்றைக் கோடு. அரைக்கைச் சட்டைப் பையில் எந்நேரமும் ஒரு குட்டி ஸ்க்ரூ டிரைவர். ஞாயிறு காலையில் தூண்டில் ராடைச் சேத்தக் ஸ்கூட்டரின் பக்கவாட்டில் கட்டிக்கொண்டு அவர் திருச்சி ரோட்டில் கிழக்கே போவதைத் தொண்ணூறுகளில் பார்த்தவர்கள் அநேகம். ராடின் நுனி முன்சக்கரத்தைத் தாண்டி நீட்டிக்கொண்டிருக்கும். "மருதமலை அக்கட்டால இருக்குதுங்கோ! முருகன் வேலை எங்கீங்க கொண்டு போறீங்க?" என்று டவுன் பஸ் கண்டக்டர்கள் படிக்கட்டில் நின்று கேட்பார்கள். அவர் காதில் வாங்கமாட்டார். அவருக்கு அங்கே சூலூர்க் குளத்தங்கரையில் வேறொரு சண்டை காத்திருந்தது.

சண்டைக்காரர் பெயர் தம்பிதுரை. பல்லடத்தில் கோழிப்பண்ணை. ஆள் வாட்டசாட்டம், குரல் அதைவிட. இருவருக்கும் பழக்கமானதே ஒரு கடையில்தான். எண்பதுகளின் கடைசியில் டவுன்ஹால் பக்கம் கலீல் ரஹ்மான் என்பவர் வெளிநாட்டுச் சாமான் விற்றுக்கொண்டிருந்தார். சிங்கப்பூரிலிருந்து திரும்பிய யாரோ கொடுத்துவிட்டுப் போன இரண்டு தூண்டில் செட்டுகள் அவருடைய கண்ணாடிப் பெட்டியில், சென்ட் பாட்டில்களுக்கு அந்தப் பக்கம் ஒன்றும் இந்தப் பக்கம் ஒன்றுமாக இருந்தன. ஒன்று தகுரா, ஜப்பான். இன்னொன்று மார்செல், பிரான்ஸ். முன்பின் தெரியாத இரண்டு பேர் ஒரே நேரத்தில் வந்து நின்று, அவரவர் நின்ற பக்கத்தில் இருந்ததைக் கைநீட்டி எடுத்தார்கள். "ரெண்டும் நல்லதுதானுங்க. ரெண்டும் சுத்தும், ரெண்டுலயும் மீன் மாட்டும்" என்றார் கலீல் ரஹ்மான். அந்த இரண்டு தூண்டில்களைப் பற்றியும் யாராவது சொன்ன கடைசி நியாயமான பேச்சு அதுதான். பெட்டிக்குள் சாமான் இடம் மாறி இருந்திருந்தால் கட்சியும் மாறியிருக்கும். காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு அல்லவா?

பீளமேட்டுக்கும் பல்லடத்துக்கும் நடுவில் சூலூர். அந்தக் குளக்கரை ஞாயிறுகளை நினைத்தால் இன்றைக்கும் முகத்தில் ஈரக்காற்று அடிக்கிறது. நொய்யலில் தண்ணீர் வந்து குளம் தளும்பிய வருஷங்கள் அவை. பிளாஸ்கில் பத்மாவதியின் காப்பி, செய்தித்தாளில் பொதிந்த பல்லடத்து அவித்த முட்டை, சின்ன டிரான்சிஸ்டரில் கரகரப்புக்கு நடுவே ஒரு பாட்டு. தலைக்கு மேல் சூலூர் விமானப்படையின் விமானம் தாழ்ந்து போகும். அது போனால் அரைமணி நேரத்துக்கு மீன் கொத்தாது என்பது கோவிந்தராஜுலுவின் கட்சி. அந்த அரைமணி நேரமும் ரீல்களுக்கு.

"ராடுன்னா வளையோணும் நாயுடு. உங்க ஜப்பான் வெறைச்சுட்டு நிக்குது, டேசன் வாசல்ல நிக்கற போலீசாட்டம்."

"உங்குளுது வளையறதில்லீங்க கவுண்டரே, தூங்குது. மீன் கடிச்ச சேதி அதுக்கு மறுநாள்தான் தெரியும்."

"ரீலைக் கையில தூக்கிப் பாருங்க. என்னுது இரும்பு. உங்குளுது கொழந்தைப் புள்ளைக வெளையாடற சாமான்."

"இரும்பு வேணும்னா எங்கடைக்கு வாங்க, கூடை கூடையா இருக்குது. மீன் புடிக்க எதுக்குங்க?"

மீன் தப்பினாலும் தோற்றவர் யாருமில்லை. தம்பிதுரைக்கு அறுந்தால் தங்கூசி நரம்பு மட்டம். கோவிந்தராஜுலுவுக்கு நழுவினால் முள்ளில் மாட்டிய மாவு மட்டம். இருவர் மீசையிலும் மண் ஒட்டாது. புரட்டாசி வந்துவிட்டால் கோவிந்தராஜுலு வீட்டில் கவுச்சி கிடையாது. ஆனாலும் வருவார், பிடிப்பார், பிடித்ததைத் தண்ணீரில் விட்டுவிடுவார். "மீனுக்கு முள்ளு குத்துனது பெருமாளுக்குத் தெரியாதுங்களா?" என்று தம்பிதுரை வயிறு குலுங்கச் சிரிப்பார்.

எல்லாச் சண்டையும் கடைசியில் வந்து நிற்கிற இடம் கைப்பிடி. பிரான்ஸ் ரீலுக்குக் கைப்பிடி வலப்பக்கம் மட்டும்தான், அசையாது. ஜப்பான் ரீலில் ஒரு திருகைக் கழற்றினால் கைப்பிடியை உருவி இடப்பக்கம் மாட்டிக்கொள்ளலாம். கோவிந்தராஜுலுவின் பெருமையெல்லாம் அந்த ஒரு திருகில் இருந்தது. கரையில் மாடு மேய்க்க வந்தவர்களையும் நிறுத்தி, ஸ்க்ரூ டிரைவரை எடுத்து, கழற்றி மாட்டிக் காட்டுவார். தம்பிதுரைக்கு அதைப் பார்த்தாலே பற்றிக்கொண்டு வரும்.

"சோத்தாங்கை சுத்தறதுக்கு, பீச்சாங்கை புடிக்கறதுக்கு. சாமி அப்படித்தானுங்க படைச்சிருக்குது. அக்கட்டால பாதி இக்கட்டால பாதி மாத்தற சரக்கை நம்பலாமுங்களா? சோத்தாங்கை இருக்கறப்போ எவனுங்க பீச்சாங்கைல சுத்துவான்?"

இதற்கு மட்டும் கோவிந்தராஜுலுவிடம் நல்ல பதில் இருந்ததே இல்லை. ஒருநாள் கிடைக்கும், அன்றைக்கு வைத்துக்கொள்கிறேன் என்று மனசுக்குள் கறுவிக்கொள்வார்.

தொண்ணூற்றாறில், தீபாவளி கழிந்த வாரம், பண்ணையில் தீவன மூட்டையைத் தூக்கப்போன தம்பிதுரைக்கு வலப்பக்கம் இழுத்துக்கொண்டது. பேச்சு மட்டும் போகாமல் தப்பித்தது. கால் மெல்லத் தேறியது. வலது கை தேறவில்லை. தோளிலிருந்து பாரமாகத் தொங்கியது.

பார்க்கப் போன கோவிந்தராஜுலுவை வாசலிலேயே நிறுத்தி, தம்பிதுரையின் மனைவி பழனியாத்தாள் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "பொழுதன்னிக்கும் செவுத்தையே பாத்துட்டு உக்காந்திருக்கறாருங்கண்ணா. சாப்புடச் சொன்னாலும் பேச்சில்லீங்க, என்னையத் திட்டச் சொன்னாலும் பேச்சில்லீங்க. அந்தக் கொரலைக் கேட்டு எத்தனை நாளாச்சு."

அவர் பார்த்துக்கொண்டிருந்த சுவரில் ஆணியடித்து மாட்டியிருந்தவை பிரான்ஸ் ராடும் ரீலும். நண்பர் உட்கார்ந்ததும் தம்பிதுரை தாழ்ந்த குரலில் சொன்னார்: "நாயுடு, அதை எடுத்துட்டுப் போயிருங்க. கண்ணு முன்னால கெடந்தா நெஞ்சடைக்குது. எனக்கு இனி எதுக்குங்க?"

கோவிந்தராஜுலு எடுக்கவில்லை. வீட்டுக்கு வந்து தன் ரீலைக் கழற்றினார். கைப்பிடியை உருவி இடப்பக்கம் மாட்டித் திருகை முடுக்கினார். அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவர் வருஷக்கணக்காகத் தேடிய பதில் மடியில் கிடந்தது. சோத்தாங்கை விழுந்தவன் பீச்சாங்கையால் சுற்றுவான். அவ்வளவுதான் பதில்.

"கொண்டுபோய்க் குடுத்துப்போடுங்க. கவுண்டரு ஒத்தைக் கையிலயாச்சும் புடிப்பாரு" என்றார் பத்மாவதி.

"குடுத்தா நான் செயிச்சதா ஆயிரும்."

"செயிக்கத்தான இத்தனை வருசமா சண்டை போட்டீங்க?"

"இப்படியா பத்மா?" என்றார்.

அடுத்த முறை போனபோது கோவிந்தராஜுலு பொய் சொல்ல ஆரம்பித்தார். பழக்கமில்லாத வேலை. "என்ற ஜப்பான் இப்பல்லாம் பழைய மாதிரி இல்லீங்க கவுண்டரே" என்றார் மோர் டம்ளரைப் பார்த்துக்கொண்டு. சுவரைப் பார்த்திருந்த தலை கொஞ்சம் திரும்பியது. அதற்கடுத்த முறை, "பேரிங் கத்துதுங்க. காது குடுக்க முடியறதில்லை" என்றார். தம்பிதுரையின் மீசை அசைந்தது. பெற்ற பிள்ளையை ஊரார் முன்னால் திருடன் என்று சொன்ன மாதிரி கோவிந்தராஜுலுவுக்கு வலிக்கும். திரும்பும் வழியில் காரணம்பேட்டையில் வண்டியை ஓரங்கட்டி, பையிலிருந்து ரீலை எடுத்து ஒரு சுண்டு சுண்டிக் கேட்டுக்கொள்வார். தண்ணியாட்டம்தான் ஓடியது.

பொங்கல் கழிந்து ஒருநாள் துணிந்து கேட்டேவிட்டார். "பேசாம உங்க பிரான்ஸைக் குடுங்க, கொஞ்ச நாள் ஓட்டிப் பாக்கறனுங்க. இந்தக் கெரகம் உங்க ஊட்டுல கெடக்கட்டும்."

"அப்படி வாங்க வழிக்கு!" என்றார் தம்பிதுரை. சமையற்கட்டிலிருந்து கரண்டியும் கையுமாகப் பழனியாத்தாள் ஓடிவந்து எட்டிப் பார்த்தார். வீடே அதிரும் அந்தப் பழைய குரல். "அன்னைக்கே நான் சொன்னனா இல்லீங்களா? பொம்மைச் சாமானத்தை வெச்சுட்டு என்னா பேச்சுப் பேசுனீங்க! எடுத்துட்டுப் போங்க. ஆனா பிரான்ஸு உங்களுக்குப் புடிபடாதுங்க. பக்கத்துல நின்னு நாஞ்சொல்லோணும். ஞாயித்துக்கெழமை வாரேன்."

கோவிந்தராஜுலு தலையைக் குனிந்துகொண்டு, "சரிங்க" என்றார். தோற்பது இவ்வளவு சுகமாக இருக்கும் என்று அவர் நினைத்ததில்லை.

ஞாயிறன்று பண்ணை வேன் குளக்கரை வரைக்கும் வந்தது. பிளாஸ்டிக் நாற்காலியில் தம்பிதுரையை உட்காரவைத்தார்கள். "இதும் சும்மா எதுக்குங்க கெடக்கோணும்" என்று சொல்லிக்கொண்டே கோவிந்தராஜுலு தன் ஜப்பானில் மாவு உருட்டி மாட்டி, தூர வீசி, கவட்டைக் குச்சியில் ராடைச் சாய்த்து நண்பரின் முழங்காலுக்கு அருகில் நிறுத்தினார். கைப்பிடி இடப்பக்கம் இருந்தது. அதைப் பற்றி அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. தான் பிரான்ஸை எடுத்துக்கொண்டு தள்ளிப் போய் உட்கார்ந்தார்.

நிஜமாகவே அது அவருக்குப் பிடிபடவில்லை. பாரத்தில் மணிக்கட்டு கடுத்தது. "மெதுவாங்க! கெணத்துல தண்ணி எறைக்கறீங்களா?" என்று நாற்காலி அதட்டியது. "பாத்தீங்களா, ராடு எப்படி வளையுது!" என்று பெருமைப்பட்டது. கோவிந்தராஜுலு எல்லாவற்றுக்கும் "ஆமாங்க, ஆமாங்க" என்றார்.

வெயில் ஏறிய நேரத்தில் ஜப்பான் விர்ரென்று அலறியது. ராடின் நுனி தண்ணீரைப் பார்த்துக் குனிந்தது. கோவிந்தராஜுலுவின் கால் தானாக எழுந்தது. அதை அப்படியே மடக்கி உட்கார்ந்துகொண்டார்.

"கவுண்டரே, எனக்குத் தங்கூசி சிக்கிக்கிச்சுங்க. நீங்களே பாத்துக்குங்க!"

தம்பிதுரை ஒரு கணம் திகைத்தார். பிறகு ராடின் அடிப்பக்கத்தை வலது கக்கத்தில் இடுக்கி, உடம்பை அதன்மேல் சாய்த்தார். இடது கை கைப்பிடியைத் தேடியது. அது இருக்கவேண்டிய இடத்தில் இருந்தது. அதைப் பார்த்தார். தள்ளி உட்கார்ந்திருந்த கோவிந்தராஜுலுவைப் பார்த்தார். பிறகு பல்லைக் கடித்துக்கொண்டு சுற்ற ஆரம்பித்தார். கோணல்மாணலாகச் சுற்றினார், நிறுத்தினார், விட்டுப்பிடித்தார். நெற்றி வியர்வை மீசையில் வழிய, நல்ல கனத்த கட்லா ஒன்று கரைக்கு வந்தது. ஓடிப்போய் வலையில் ஏந்தியவர் கோவிந்தராஜுலு.

"செஞ்சுபோட்டேன் நாயுடு" என்றார் தம்பிதுரை. கண் கலங்கியிருந்தது. இடது கையை விரித்து விரித்து மூடினார்.

பழைய கோவிந்தராஜுலுவாக இருந்தால் இந்த இடத்தில் ஸ்க்ரூ டிரைவரை எடுத்திருப்பார். இவர் மீனை முள்ளிலிருந்து கழற்றிக்கொண்டே, "உங்க ஊட்டுல பெசஞ்ச மாவு நல்ல மாவுங்க. மீன் அதுக்குத்தான் வந்துது" என்றார்.

கோவிந்தராஜுலு தன் இடத்துக்குத் திரும்பிப் பிரான்ஸைக் கையில் எடுத்தார். டிரான்சிஸ்டரில் பாட்டு முடிந்திருந்தது, குளம் அமைதியாக இருந்தது. ஓரக்கண்ணில் பார்த்தார். தம்பிதுரை மடியில் ஜப்பானை வைத்துக்கொண்டு, இடது ஆள்காட்டி விரலால் கைப்பிடியை ஒரு சுண்டு சுண்டி, விரலை எடுத்துவிட்டு, கண்ணை மூடிக் காதைச் சாய்த்தார்.

கோவிந்தராஜுலு சட்டென்று தண்ணீர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு, பேரிங் கத்தாத அந்தச் சத்தம் தன் காதில் விழுந்துவிடாதபடி பிரான்ஸின் கைப்பிடியைக் கரகரவென்று சுற்ற ஆரம்பித்தார். முள்ளில் மீனும் இல்லை, மாவும் இல்லை. அவர் பாட்டுக்குச் சுற்றிக்கொண்டே இருந்தார்.