ஈசாக்கின் மூன்றாவது கிணறு

எங்கள் விவசாயக் காட்டில் போர்வெல் துளை போட வந்த ரிக் வண்டிக்கு அவர்தான் பொறுப்பு. புருவமெல்லாம் கல்தூள் படிந்த மனிதர். துளை போடும் முன் தொப்பியைக் கழற்றிவிட்டு, பக்கத்தில் நிற்பவரிடம் பைபிளிலிருந்து ஒரு கதை சொல்வது அவர் வழக்கம்.

வேலிக்கு அப்பால் இருந்தது என் அண்ணனின் போர்வெல். எங்களுக்குள் பேச்சில்லை என்பதை யாரோ அவரிடம் சொல்லியிருந்தார்கள்.

"ஈசாக்கு வெட்டுன கெணத்துக்கெல்லாம் சண்டைக்கு வந்தாங்க. அவரு நகந்து போயி வேற வெட்டுனாருங்க. மூணாவதுக்கு ஒருத்தரும் வரலீங்க."

"அவருக்கு நகர எடமிருந்துச்சு. எனக்கு இருக்கறது இந்த ஒரு ஏக்கராதானுங்க" என்றேன். அவர் தொப்பியை மாட்டிக்கொண்டு இயந்திரத்தை ஓட்டினார்.

எனக்குத் தண்ணீர் கிடைத்தது. அதே நேரம் அண்ணன் குழாயில் சேறு வந்தது. அண்ணன் வேலியோரம் வந்து நின்றுவிட்டார். ரிக்காரர் இயந்திரத்தை நிறுத்திவிட்டு மறுபடி தொப்பியைக் கழற்றி, அண்ணனைப் பார்த்துச் சொன்னார்.

"ரெண்டும் ஒரே ஊத்துங்க. எடத்துல நகர முடியாட்டி நேரத்துல நகந்துக்கலாமுங்க. நீங்க காலையில எடுங்க, தம்பி மத்தியானம் எடுக்கட்டும்."

கதைக்கு அப்படி அர்த்தம் உண்டா என்பதைச் சர்ச்சுக்குப் போகிறவர்கள்தான் சொல்ல வேண்டும். அண்ணனும் நானும் இன்னும் பேசுவதில்லை. மதியம் அண்ணன் தொட்டியில் தண்ணீர் விழும் சத்தம் நின்றதும், நான் எழுந்து போய் மோட்டாரைப் போடுகிறேன்.