கறுத்துப்போன ரசீது

"காயிதத்துக்கெல்லாம் சட்டை தெச்சுப் போடறயே கண்ணு, போற ஊர்ல அதப் பாத்தா உன்னைய நம்பிருவாங்க?" என்று அண்ணி கேட்டார். குவைத்துக்குப் புறப்படுமுன் நர்ஸ் படிப்புச் சான்றிதழ்களைத் தர்மபுரியில் லேமினேஷன் செய்து வாங்கி வந்திருந்தேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். காகிதத்தின் அருமை அண்ணிக்கு எங்கே தெரியும் என்று நினைத்துக்கொண்டேன்.

இங்கே குவைத்தில் சில கடைகளில் ரசீதை இயந்திரமே அச்சடித்துத் துப்புகிறது. வழவழப்பான தாள், சும்மா வைத்திருந்தாலே எழுத்து மங்கிவிடும். ஆகவே டேப் ரெக்கார்டர் வாங்கிய அன்றே ரசீதை ஒரு போட்டோ ஸ்டூடியோவுக்குக் கொண்டுபோய் லேமினேஷன் செய்யச் சொன்னேன். அந்த ஆள் தயங்கினார். நான் விடவில்லை. சூடான உருளைகளுக்குள் வெள்ளையாகப் போனது மறுபக்கம் கன்னங்கரேலென்று வந்தது. சூடு பட்டால் கறுக்கும் தாள் அது.

அந்தப் பெட்டி எனக்கு ஆடம்பரமில்லை. என் கடிதங்களை அம்மாவுக்குப் பக்கத்து வீட்டுக்காரர்தான் படித்துக் காட்டுகிறார். அவர் காதில் விழக்கூடாத ஒரு சொல்லையும் நான் எழுத முடியாது. கேசட்டில் பேசி அனுப்பினால் அண்ணனின் டேப் பெட்டியில் போட்டு அம்மா தனியாகக் கேட்பார். ஒரு கேசட் அனுப்பினேன். அதோடு என் பெட்டியில் குரல் பதிவாகாமல் போனது.

பெட்டி வாங்கிய கடைக்காரரிடம் கறுத்த அட்டையை நீட்டினேன். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். என் ஆஸ்பத்திரி உடுப்பையும் பார்த்துவிட்டு, "யாருடைய எக்ஸ்ரே, சிஸ்டர்?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். ரசீது என்றேன். அப்படியானால் ரசீதைக் கொண்டு வாருங்கள் என்றார். அந்நேரம் உள்ளூர்ப் பெண் ஒருத்தி கெட்டுப்போன இஸ்திரிப் பெட்டியை மேசைமேல் வைத்து, ஏதோ ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போனாள். அவளிடம் யாரும் சீட்டுக் கேட்கவில்லை. புதுப்பெட்டியை அவள் வீட்டுக்கு அனுப்பச் சொன்னார் கடைக்காரர். என் வயிறு எரிந்தது. அவள் பணத்தைப் பார்த்து அல்ல. வைத்துவிட்டுத் திரும்பிப் பாராமல் போகும் அந்த நடையைப் பார்த்து.

எரிச்சல் அறைக்கு வந்தும் அடங்காமல் கடைசியில் அப்பாமேல் போய் நின்றது. எங்கள் ஊருக்குப் பக்கத்துக் கடத்தூரில் அவர் மருந்தடிக்கும் பம்பு வாங்கியபோது நான் பில் கேட்டேன். கடைக்காரர் சிரித்தார். "பாப்பா படிச்சிருக்குதில்ல, சீட்டு கேக்குது. உங்க மூஞ்சிக்கு மேல என்னங்க சீட்டு?" அப்பா கூச்சத்தோடு என்னை வெளியே கூட்டிப்போனார். பம்பு ஒழுகியதும் கொண்டுபோய் வைத்தார். மறுபேச்சின்றி மாற்றிக் கொடுத்தார்கள். கைநாட்டு வைக்கும் அப்பாமேல் எனக்குப் பொறாமை வரும் என்று யார் சொல்லியிருந்தாலும் சிரித்திருப்பேன். கடத்தூருக்கே திரும்பினாலும் நான் அவர் மகள்தான். கடைக்காரர் வைத்த அந்த நம்பிக்கை அவர் முகத்துக்கானது, எனக்கு வந்து சேராது.

இன்று காலை டியூட்டிக்குப் போகும் வழியில் டேப் ரெக்கார்டரைக் கடை மேசைமேல் வைத்தேன். உங்களிடம் வாங்கியது, பதிவாகவில்லை, எதிர் ஆஸ்பத்திரியில் வேலை செய்கிறேன், பெயர் ரோஸ்லி என்றேன். கறுத்த அட்டையைக் கொண்டுபோகவில்லை. அவர் வாய் திறப்பதற்குள் வெளியே வந்துவிட்டேன். "சிஸ்டர், டோக்கன்!" என்று, பெட்டியைத் திரும்ப வாங்கத் தேவையான சீட்டுக்காக அவர் கூப்பிட்டபோது பாதிச் சாலையைக் கடந்திருந்தேன். திரும்பவில்லை.