மஞ்சள் ரீல்

அம்பத்தூர் எஸ்டேட்டில் டார்ச் லைட் செய்யும் கம்பெனி ஒன்றில் எனக்குப் பதினோரு வருடமாக வெள்ளையைப் பிரிக்கும் வேலை. யாரிடம் சொன்னாலும் சிரிப்பார்கள். வெள்ளையில் பிரிக்க என்ன இருக்கிறது என்று கேட்பார்கள். சேர்ந்த அன்று நானும் அதைத்தான் கேட்டேன். சூப்பர்வைசர் நாலு டார்ச்சை எடுத்து ஒவ்வொன்றாகச் சுவரில் அடித்துக் காட்டினார். தனித்தனியாகப் பார்த்தபோது நாலும் வெள்ளைதான். நாலையும் பக்கத்தில் பக்கத்தில் அடித்ததும் ஒன்றில் நீலம் ஓடியது, ஒன்றில் மஞ்சள், ஒன்றில் பாசி பிடித்த மாதிரி பச்சை, ஒன்றில் லேசாக ரோஜா. அதற்குப் பிறகு வெறும் வெள்ளை என்று ஒன்று என் கண்ணில் பட்டதே இல்லை என்று பல வருடம் பீற்றிக்கொண்டிருந்தேன்.

எல்இடி எங்களுக்கு ரீலில் சுற்றி வரும். ஒரே மெஷினில் ஒரே நாளில் செய்தாலும் ஒன்று பிரகாசமாக இருக்கும், ஒன்று மங்கும், ஒன்று நிறம் மாறி நிற்கும். அதனால் செய்கிறவனே அளந்து, வகை பிரித்து, ரீல் மேல் இரண்டு குறி போட்டு அனுப்புவான். ஒன்று வெளிச்சம் எவ்வளவு என்று சொல்லும், மற்றது வெள்ளையில் எந்தக் கட்டம், அதாவது எந்தச் சாயல் என்று சொல்லும். உள்ளே முழுக்க வெள்ளைப் பூச்சு அடித்த பெரிய உருண்டை ஒன்று எங்களிடம் இருக்கிறது. எல்இடியை அதற்குள் வைத்து மூடினால் கம்ப்யூட்டர் நம்பர் கொடுக்கும். ஆனால் லென்ஸ் மாட்டி, மூடி திருகி, டார்ச்சாக ஆன பிறகு சுவரில் அது எப்படி விழுகிறது என்பதை ஒரு ஆள்தான் பார்த்துச் சொல்ல வேண்டும். அந்த ஆள் நான். இருட்டு அறை, சாம்பல் நிறச் சுவர், ஒரு ஸ்டூல்.

அறைக்கு ஒரு விதி உண்டு. உள்ளே போனதும் டார்ச்சைத் தொடக்கூடாது. சரியான வெள்ளை எது என்று காட்ட மாதிரி விளக்கு என்று ஒன்று பெட்டியில் இருக்கும். முதலில் அதைப் போட்டு மூன்று நிமிஷம் பார்க்க வேண்டும். ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபடியும் பார்க்க வேண்டும். ஏனென்றால் கண் சீக்கிரம் பழகிப்போகும். மஞ்சளிலேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தால் அந்த மஞ்சளையே வெள்ளை என்று எடுத்துக்கொள்ளும். புதிதாக வரும் பெண்களுக்கு இதை நான்தான் சொல்லிக்கொடுப்பேன். மூன்று நிமிஷத்தை இரண்டாக்கினவளை எழுப்பி வெளியே அனுப்பியிருக்கிறேன். அவ்வளவு கறார்.

ஒரு வருடம் ஆயுத பூஜைக்கு முன்னால் தப்பான ரீல் ஒன்று வந்தது. நாங்கள் கேட்டது வேறு, வந்தது நல்ல மஞ்சள். திருப்பி அனுப்பும் செலவுக்கு வைத்துக்கொள்வதே மேல் என்று ஆபீசில் முடிவு செய்து, அதை வைத்து வீட்டு பல்பு செய்து பூஜைக்குப் பொரி கடலையோடு எல்லோருக்கும் கொடுத்தார்கள். ஆளுக்கு இரண்டு. எங்கள் லைனில் சில பெண்கள் இது என்ன மஞ்சளா அழுது வடியுது என்று விட்டுவிட்டுப் போனதையும் நான் எடுத்து வந்தேன். முத்தாபுதுப்பேட்டையில் எங்கள் வீடு இரண்டு அறை. ஹாலில் மூன்று, சமையலறையில் ஒன்று, பாத்ரூமில் ஒன்று என்று எல்லா இடத்திலும் மாட்டினேன். நன்றாக எரிந்துகொண்டிருந்த ட்யூப் லைட்டைக் கழற்றி வைத்துவிட்டு மாட்டினேன். வீடு கோயில் கர்ப்பக்கிரகம் மாதிரி ஆகிவிட்டது என்று என் கணவர் கேலி செய்தார். இரண்டு நாளில் எங்களுக்குப் பழகிவிட்டது.

வீட்டில் நானும் அவரும்தான். பிள்ளைகள் இல்லை. அவருக்குச் சென்னீர்குப்பத்தில் ஒரு கோடவுனில் வேலை. விடிவதற்கு முன்னால் வேன் வந்துவிடும், இறங்கும்போது இருட்டியிருக்கும். தீபாவளி சீசன் என்றால் ஞாயிற்றுக்கிழமையும் ஓவர்டைம். ஆக அந்த ஒரு மாதத்துக்கு மேல் என் புருஷன் முகத்தை நான் அந்த பல்பு வெளிச்சத்தில் தவிர வேறு எங்கும் பார்க்கவில்லை. அதை அப்போது கணக்குப் போட்டுப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை.

தீபாவளிக்கு நாலு நாள் முன்னால், இருட்டின பிறகு, பூந்தமல்லியிலிருந்து என் நாத்தனார் வந்தாள். அவர் தங்கை. எனக்கும் அவளுக்கும் ஆகாது. நான் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து "அண்ணி லைட்டு பொறுக்கப் போவுது" என்பதுதான் அவள் பேச்சு. அண்ணன் எடுத்து வைத்திருந்த புடவையை வாங்கிக்கொண்டாள், முறுக்கு தின்றாள், அண்ணன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணி, அண்ணனுக்குக் கண்ணு மஞ்சளா கீதே, நீங்க பாக்கல?"

எனக்குச் சுருக்கென்று ஏறியது. வெள்ளையையும் மஞ்சளையும் பிரித்துச் சம்பளம் வாங்குகிறவளிடம் இவள் வந்து மஞ்சளைக் காட்டுகிறாள்.

"அது கண்ணு இல்ல, லைட்டு" என்றேன்.

"இல்ல அண்ணி, நல்லாப் பாருங்க."

"நீ எனக்குச் சொல்லித் தர்றியா? இரு, காட்டறேன்."

அலமாரியிலிருந்து ஒரு வெள்ளைத் தாளை எடுத்து வந்து அவர் கன்னத்தோடு ஒட்டிப் பிடித்தேன். "இந்தப் பேப்பர் இன்னா கலர்? வெள்ளைதானே? இப்போ எப்டித் தெரியுது? மஞ்சளாத்தானே தெரியுது? அப்போ பேப்பருக்கும் காமாலையா?"

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். "வுடும்மா, உங்க அண்ணிகிட்ட கலரப் பத்திப் பேசி ஜெயிக்க முடியுமா?" என்றார் தங்கையிடம். அவள் புடவைப் பையை எடுத்துக்கொண்டு, முகம் சுண்டிப்போய்க் கிளம்பினாள். அன்று ராத்திரி சாப்பாடு எனக்கு ருசியாக இருந்தது. வெட்கக்கேடு, ஆனால் உண்மை.

தாள் மஞ்சளாகத்தான் தெரிந்தது. அவர் கண் அதைவிட மஞ்சளாக இருந்திருக்கும். அந்த வித்தியாசத்தைப் பார்ப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். தாளையும் கண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தவளும் நான்தான். பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். நான் பார்க்கவில்லை. தாளைப் பிடித்துக்கொண்டு அவமானப்பட்ட நாத்தனார் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்றும் தெரியாத பெண்ணாக இருந்திருந்தால் அவள் சொன்னதும் பயந்துபோய் மறுநாளே ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு ஓடியிருப்பேன்.

அதன் பிறகு அவருக்குச் சாப்பாடு குறைந்தது. உடம்பு அரிக்கிறது என்று கையைச் சொறிந்துகொண்டே இருந்தார். கோடவுன் தூசு என்றேன். அதற்கும் என்னிடம் பதில் இருந்தது.

தீபாவளி போய், மழை பிடித்துக்கொண்டது. ஒரு சாயங்காலம் அவர் வந்து சட்டையைக் கழற்றிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனது. மெழுகுவர்த்தி தேடலாம் என்று என் பைக்குள் கிடந்த டார்ச்சை எடுத்தேன். எங்கள் கம்பெனியில் செய்வதிலேயே உயர்ந்த ரகம். பச்சையும் ஓடாது, நீலமும் ஓடாது. பொருளின் நிறம் என்னவோ அதை அப்படியே காட்டும். அதில் போடுகிற எல்இடியை நானே கட்டம் கட்டமாகப் பார்த்துத் தேர்ந்தெடுத்திருக்கிறேன். பொத்தானை அழுத்தினேன். வெளிச்சம் நேராக அவர் முகத்தில் விழுந்தது.

"கண்ணு கூசுதுமே, கீழ காட்டு" என்றார்.

நான் கீழே காட்டவில்லை. அவர் கண்ணின் வெள்ளை எலுமிச்சம் பழத் தோல் நிறத்தில் இருந்தது. கழுத்து, நெஞ்சு, உள்ளங்கை எல்லாம் அதே நிறம். என் தலைக்குள் முதலில் வந்தது பயம் இல்லை. கட்டத்தின் நம்பர் வந்தது. கழித்துப்போடும் பெட்டியில் எழுதி வைத்திருக்கும் நம்பர். பதினோரு வருடப் பழக்கம், தானாக வந்துவிட்டது. அதற்காக என்னை நானே இன்னும் மன்னிக்கவில்லை.

மறுநாள் காலை ஆஸ்பத்திரிக்குப் போனோம். நாத்தனாருக்கு நான் சொல்லவில்லை. அவர்தான் போனில் சொல்லியிருக்கிறார், எங்களுக்கு முன்னால் வந்து வாசலில் நின்றுகொண்டிருந்தாள். ஸ்கேன் எடுத்தார்கள், நோயின் பெயர் எழுதினார்கள், பித்தநீர் இறங்கும் குழாயை ஒரு புற்றுநோய்க் கட்டி அடைத்துக்கொண்டிருக்கிறது என்றார்கள். டாக்டர் சின்னப் பெண். பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டாள்: "கண்ணு மஞ்சளாகி எத்தனை நாள் ஆச்சும்மா?"

நாத்தனார் என்னைத் திரும்பிப் பார்த்தாள். சொல்லிவிடப் போகிறாள் என்று காத்திருந்தேன். சொல்ல வேண்டும் என்றுகூட நினைத்தேன்.

"இப்பத்தான் டாக்டர். போன வாரம்தான் பாத்தோம்" என்றாள் அவள்.

டாக்டர் அப்படியே எழுதிக்கொண்டாள். முன்னாலேயே வந்திருந்தால் ஏதாவது ஆகியிருக்குமா என்று பிறகு நான் தனியாகப் போய்க் கேட்டேன். ஆகியிருக்கலாம், ஆகாமலும் போயிருக்கலாம், இப்போது சொல்ல முடியாது என்றாள். எனக்குக் கிடைத்த தீர்ப்பு அதுதான். அதை வைத்துக்கொண்டு அழவும் முடியவில்லை, ஆறவும் முடியவில்லை. நாத்தனார் அன்று சொன்ன பொய்க்கு நான் இன்று வரை நன்றி சொல்லவில்லை. அவள் என்னைக் கூட்டத்தில் வைத்துக் கிழித்திருந்தால் எனக்கு எவ்வளவோ லேசாக இருந்திருக்கும்.

குழாயில் அடைப்பை எடுத்தார்கள், மருந்து ஏற்றினார்கள். ஆடி பிறப்பதற்கு முன்னால் அவர் போய்விட்டார்.

பல்புகளைக் கழற்றிவிட்டேன். பழைய ட்யூப் லைட்டை மறுபடி மாட்டியிருக்கிறேன். வேலைக்கும் போகிறேன். போகாமல் என்ன செய்வது, எனக்குத் தெரிந்த தொழில் இது ஒன்றுதான். ஸ்டூலில் உட்கார்ந்து மூன்று நிமிஷம் மாதிரி விளக்கைப் பார்க்கிறேன். அந்த மூன்று நிமிஷமும் வார்டில் அவர் ஒரு நாள் பேசியதுதான் காதில் ஓடுகிறது.

மத்தியான நேரம். ஜன்னல் ஓரக் கட்டில், நல்ல பகல் வெளிச்சம். நான் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தேன். பேச்சுத் துணைக்குச் சொல்கிற மாதிரி அவராகவே ஆரம்பித்தார்.

"கோடவுன்ல ரெண்டு மூணு பேரு அப்பவே கேட்டானுங்கமே. இன்னாண்ணே கண்ணு மஞ்சளா கீது, டாக்டராண்ட காட்டுன்னானுங்க. டீக்கடைக் கண்ணாடில நானும் பாத்தேன். மஞ்சளாத்தான் கீது."

"பகல்லயா?"

"பகல்லதான். பட்டப்பகல்ல."

"அப்புறம் ஏன் சொல்லல?"

"நீதான் பேப்பர் வெச்சுப் பாத்துட்டியே" என்றார். "அவனுங்ககிட்டயும் அதான் சொன்னேன். எங்க ஊட்ல இதுக்குன்னே ஒருத்தி கீறா, அவ பாத்து லைட்டுதான்னு சொல்லிட்டா, உங்களுக்கு இன்னாடா தெரியும்னேன். ஒருத்தனும் அப்புறம் வாயத் தொறக்கல."

டீக்கடையில், பட்டப்பகலில், எங்கள் வீட்டு பல்பு எங்கே எரிந்தது என்று ஒருவனும் அவரைக் கேட்கவில்லை. அவரும் தன்னைக் கேட்டுக்கொள்ளவில்லை. அவர் என்னைக் குத்திக் காட்டச் சொல்லவில்லை. சொல்லி முடித்துவிட்டு, அவனுங்களை மடக்கிவிட்டதை நினைத்துச் சிரித்தார். பெண்டாட்டியைப் பற்றி நாலு பேரிடம் பெருமையாகப் பேசிவிட்டு வந்த சிரிப்பு. கஞ்சியில் இன்னும் பாதி இருந்தது. வாயைத் தொறங்க என்றேன், திறந்தார்.