குடியுரிமையை எழுதிக் கொடுக்கச் சொன்னவன்

ஆ கெங் என்ற சீனரை நாடில்லாத மனிதனாக்கியது நான்தான். கேட்டபோது, நான் இல்லை என்றேன்.

உங்களிடம் மறைக்க இனி ஒன்றுமில்லை.

லண்டன் ரெய்னர்ஸ் லேனில் ஒரு சாப்பாட்டுக்கடை. நான் கோப்பை கழுவினேன். அவர் அடுப்பில் நின்றார். பினாங்குச் சீனர். அங்கே தமிழர் தெருவில் வளர்ந்ததால் தமிழ் பேசுவார். அவருடைய தகப்பன் பிறந்தபோது பினாங்கு வெள்ளைக்காரனிடம் இருந்தது. அந்த வழியில், மலேசியப் பாஸ்போர்ட்டோடு பிரிட்டிஷ் பாஸ்போர்ட் ஒன்றும் இவரிடம் இருந்தது. பெயர்தான் பிரிட்டிஷ். அதை வைத்துக்கொண்டு இங்கே வாழ முடியாது.

விசா முடிந்திருந்தது. பயந்துபோயிருந்தார்.

"மலேசியாக் குடியுரிமையை வேண்டாமெண்டு எழுதிக் குடுங்கோ அண்ணை. நாடில்லாத ஆளை எங்க அனுப்புறது? இவங்கள் வைச்சிருக்கத்தான் வேணும்," என்றேன்.

"சட்டம் அப்படியா, தம்பி?"

"ஓம். லோயரிட்டக் கேட்டனான்."

கேட்கவில்லை. இலங்கைத் தமிழர் நாங்கள் அப்படித்தான் வந்தோம்... பாஸ்போர்ட்டை விமானக் கழிவறையில் கிழித்துப் போட்டுவிட்டு, வெறுங்கையோடு இறங்கினோம். எங்களுக்குப் பின்னால் சண்டை இருந்தது. அவருக்குப் பின்னால் என்ன இருந்தது? அதை ஏன் நான் யோசிக்கவில்லை?

அவர் எழுதிக் கொடுத்தார். மலேசியா கைவிரித்தது. பிரிட்டனும் ஏற்கவில்லை. நீ மற்றவனுடைய ஆள் என்று இரண்டு பக்கமும் சொன்னார்கள். தாய் செத்தபோதும் அவரால் போக முடியவில்லை...

இந்த வருடம் அவருடைய சட்டத்தரணி என்னைக் கூப்பிட்டார். பிழையான ஆலோசனை கேட்டுத்தான் எழுதிக் கொடுத்தார் என்பதற்கு என் கையெழுத்து வேண்டுமாம். அது இருந்தால் மலேசியாவிடம் திரும்பக் கேட்டுப் பார்க்கலாமாம். பேனாவை என் பக்கம் நகர்த்தினார். ஆ கெங் அருகில் இருந்தார்.

வைத்தால், நீ எப்படி வந்தாய் என்று என்னையும் கிளறுவார்களே! ஜெர்மனியில் அகதி மனுத் தள்ளுபடியானவன் நான். அதை மறைத்துத்தான் இங்கே குடியுரிமை எடுத்தேன்.

"நான் அப்பிடிச் சொல்லேல்லை."

ஆ கெங் என்னையே பார்த்தார்.

பஸ் தரிப்பிடம் வரை இருவரும் நடந்தோம். அங்கேதான் வாய் திறந்தார்.

"வயசாச்சு, தம்பி. வேற யாரோ சொன்னத நீ சொன்னதா நெனச்சிட்டேன் போல. உன்ன வீணா இழுத்து விட்டுட்டேன். மன்னிச்சிரு."

"பரவாயில்லை, அண்ணை," என்றேன்.