மருந்தும் ரவையும்

துவக்குக் கடைக்கு, அதாவது துப்பாக்கிக் கடைக்கு, வருகிறவர்கள் துவக்கைப் பற்றிப் பேசுவது குறைவு. தப்பிப்போன மானைப் பற்றித்தான் பேசுவார்கள். நாள் முழுக்கக் கால் கடுக்க நின்று அடுத்தவர் கவலைக்குத் தலையாட்டும் கடைச் சிப்பந்திகளே, என் இனத்தவரே, உங்களுக்கு இது விளங்கும். நான் நின்றது பாரிஸில் கார் து நோர் ரயில் நிலையத்துக்குப் பின்னால், குழாயின் வாய்வழியாக வெடிமருந்தைக் கொட்டி, மேலே ஈயக் குண்டாகிய ரவையை வைத்துக் கம்பியால் இடித்து இறக்கும் பழைய மாதிரி வேட்டைத் துவக்குகள் விற்கும் கடையில்.

எந்தக் கடை?

2010இல் வேலை கிடைத்ததும் கிளிநொச்சியிலிருந்த மனைவி மலருக்குப் போன் எடுத்தேன். போர் முடிந்து அடைத்துவைத்த முகாமிலிருந்து அவள் வெளியே வந்து சில மாதங்கள்தான். இராணுவம் ஒட்டுக்கேட்ட அந்த நாளில் ஊருக்குப் போனில் துவக்கு என்று எவன் சொல்வான்? மருந்துக் கடை என்றேன். வெடிமருந்தும் மருந்துதானே. அதோடு, அவளுடைய தம்பியைத் துவக்குத்தான் கொண்டுபோனது. நான் இந்தக் கையால் மருந்து அளக்கிறேன் என்று தெரிந்தால் என்னிடம் வருவாளோ என்ற பயமும் இருந்தது.

அத்தோடு வாயை மூடியிருக்கலாம். இன்றைக்கு என்ன வேலை என்று அவள் கேட்க, ரவை எண்ணி அடுக்கினேன் என்று உளறிவிட்டேன். அவள் சொன்னாள்: "மருந்துக் கடையிலை ரவையும் விக்கிறவையோ? நல்லதாப் போச்சு. ஒரு பைக்கற் எடுத்து வையுங்கோ, நான் வந்து உப்புமா கிண்டுறன்."

பனி தின்ற மருந்து

ஓய்வுபெற்ற ரயில் ஓட்டுநர் ஒருவர் எங்கள் வாடிக்கையாளர். ரவைக்கு வேகம் போதாததால்தான் மான் தப்புகிறது, மருந்தை ஒன்றரை மடங்காக்க வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றார். துவக்குத் தாங்கும் அளவுதான் என்பதால் முதலாளி எங்களைச் சுடுதளத்துக்குக் கூட்டிப்போய், வேகம் அளக்கும் கருவியை முன்னால் வைத்தார்.

மருந்து ஒன்றரை மடங்கு; வேகம் கொஞ்சம்தான் கூடியது. குறி விலகியது. துவக்குப் பின்னால் உதைத்ததில் மனிதருக்குத் தோள் வீங்கியது. குழாய்க்கு முன்னால் பனியில் எரியாத மருந்து கறுப்புக் கறுப்பாகக் கிடந்தது. அதைக் குனிந்து பார்த்துவிட்டு அவர் சொன்னார்: "மானுக்குப் போட்டதைப் பனி தின்றுவிட்டது."

ரவை மட்டும்

அதே மனிதர் அடுத்த பருவத்தில் துவக்கோடு வந்தார். மானைக் கண்ட பதற்றத்தில் மருந்து போடாமலே ரவையை இடித்து இறக்கிவிட்டாராம். 'டிக்' என்று ஒரு சத்தம், மான் திரும்பிப் பார்த்துவிட்டு நடந்தே போனதாம். நான் விழுந்து விழுந்து சிரித்தேன்.

அதே கிழமை, மலரைப் பிரான்சுக்கு அழைக்க ஒரு வருடத்துக்கு முன் நான் அனுப்பிய விண்ணப்பம் திரும்பி வந்தது. சீக்கிரம் நகரட்டும் என்று கேட்காத காகிதங்களையும் சேர்த்துத் தலையணை மாதிரிக் கட்டியிருந்தேன். கையெழுத்து மட்டும் போடவில்லை. பாரிஸ் புறநகரான செவ்ரானில் எடுத்த அறையில் இரண்டு கோப்பை வாங்கி, ஒன்றிலேயே குடித்துக்கொண்டு நான் காத்திருந்த வருடம் அது. அன்று எனக்குச் சிரிப்பு வரவில்லை, அழுகைதான் வந்தது. முதலாளி காகிதத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டுப் பேனையை நீட்டினார்: "நீயும் மருந்து போடாமல்தான் சுட்டிருக்கிறாய்."

கை மணம்

2014இல் மலர் வந்தாள். அதற்கு முந்திய ஒரு கிழமை, ஏழு நாளும், வெடிமருந்தின் கந்தக மணம் போகட்டும் என்று தேசிக்காய் என்கிற எலுமிச்சையால் கையைத் தேய்த்துத் தேய்த்துத் தோல் எரிந்தது. அவள் வந்த மறுநாள் தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பலில் சாமான் வாங்கப் போனோம். ரவைப் பைக்கற்றை எடுத்து என் கையில் வைத்தவள், அந்தக் கையை விடாமல் முகர்ந்து பார்த்தாள்.

"வன்னியிலை இருந்தவளுக்கு மருந்தும் ரவையும் என்னெண்டு தெரியாதோ? போனிலை ஆரும் கேட்டுக்கொண்டிருப்பினம் எண்டுதான் உப்புமா எண்டனான்."

மருந்தளவு தெரிந்தவன் என்று கடையில் பெயரெடுத்த எனக்கு, ஒரு கிழமைத் தேசிக்காய் வீணானதுதான் மிச்சம்.